கெட்டி ஸ்பிரிங்

டெல்மஸ் ஐசன் கைத்துப்பாக்கி வாங்கிய கதையை எங்கள் ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். கண் காது மூக்கு வைத்துப் பேசுவதில் எங்கள் கென்டக்கி மலைக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் பர்ல் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று அந்தத் துப்பாக்கியை எடுத்து அவர் கையில் கொடுத்தவள் நான். ஆகவே நான் சொல்வதுதான் நடந்தது. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

பர்ல் கடையில் ஆணி, கோழித்தீவனம், தூண்டில் புழு, துப்பாக்கி எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும். ஜூலை மாதம் ஒரு காலையில், மலையை விட்டு மூடுபனி இன்னும் விலகாத நேரத்தில், டெல்மஸ் வந்தார். மூக்கில் குழாய், பின்னால் சின்னச் சக்கரவண்டியில் பிராணவாயு சிலிண்டர். முப்பத்தொரு வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு மெக்கானிக்காக இருந்தவர். இருட்டில் முந்நூறு அடி தள்ளி ஓடும் பெல்ட்டின் சத்தத்தை வைத்தே எந்த உருளையில் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்த முப்பத்தொரு வருடத் தூசியும் இப்போது அவர் நெஞ்சுக்குள் இருந்தது. அடுத்த கோடையைப் பார்ப்பது கஷ்டம் என்று டாக்டர் மே மாதமே சொல்லிவிட்டார்.

"பர்லு, பாக்கெட்டுல போடுற மாதிரி சின்னத் துப்பாக்கி ஒண்ணு வேணும்" என்றார்.

பர்லும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. "யாருக்குடா? ஒனக்கா? மூச்சு விடுறதுக்கே ஒனக்கு வண்டி வேண்டியிருக்கு. இதுல துப்பாக்கி ஒரு கேடா?"

"ஜெல்லாவுக்குடா."

"ஒம் பொண்டாட்டி ஒன்னயச் சுடணும்னு நெனச்சிருந்தா நாப்பது வருஷம் முன்னாடியே சுட்டிருப்பா."

"அப்ப தோட்டா விலை ஜாஸ்தி" என்றார் டெல்மஸ். சிரிக்கப்போய் இருமல் பிடித்துக்கொண்டது. இருமல் அடங்கும்வரை பர்ல் கோழித்தீவன மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். இருமி முடித்தபோது டெல்மஸ் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எது குறி தப்பாது, எது அழகா இருக்குன்னு நான் கேக்கல. எது நாளு தாங்கும், அதைச் சொல்லு. தொடைக்க ஆளில்ல, எண்ணெய் போட ஆளில்ல. ஏப்ரன் பாக்கெட்டுல மாவும் தூசியுமா முப்பது வருஷம் கெடக்கணும். எடுத்து அமுக்குனா வெடிக்கணும்."

"முப்பது வருஷமா? அவளுக்கு இப்பவே அறுபத்தெட்டுடா."

"அவ அம்மா தொண்ணூத்தேழு வரைக்கும் இருந்தா."

எதற்கு இந்த அவசரம் என்று எங்களுக்குத் தெரியும். ஏப்ரலில் எங்கள் மலையிடுக்கின் மேல்கோடியில், தனியாக இருந்த ரூத்தீன் வீட்டுக்குள் இரண்டு பேர் போதைக்கு வலிமாத்திரை தேடிப் புகுந்தார்கள். அவளைப் பிடித்துத் தள்ளியதில் இடுப்பு முறிந்தது. ஜூனில் புதைத்தோம். அன்றிலிருந்து டெல்மஸின் மகள் ரெனீ ஒஹாயோவில் உள்ள டேட்டனிலிருந்து ஞாயிறுதோறும் போன் பண்ணி ஒரே பாட்டைப் பாடினாள். அப்பாவுக்குப் பிறகு அம்மா அங்கே தனியாக இருக்கக் கூடாது, என்னோடு வந்துவிட வேண்டும். ஜெல்லாவோ, இந்த வீட்டை விட்டு என் சவப்பெட்டிதான் போகும் என்றாள். அந்த வீடு அவள் பிள்ளை பெற்ற வீடு, மகனைப் பறிகொடுத்த வீடு. பின்னால் மேட்டில் மகனின் கல்லறை இருக்கிறது. தாய்க்கும் மகளுக்கும் நடுவில் டெல்மஸ் ஒரு தீர்ப்புச் சொன்னார். கைவிடாத துப்பாக்கி ஒன்று வாங்கிக் கொடுக்கிறேன், அது இருந்தால் உங்கம்மா இங்கேயே இருக்கட்டும். ரெனீயும் அரைமனதாக ஒத்துக்கொண்டாள். ஆக அவர் வாங்க வந்தது வெறும் துப்பாக்கி இல்லை. ஜெல்லா சாகும்வரை தன் வீட்டில் இருப்பதற்கான உத்தரவாதம்.

பர்ல் நான்கை எடுத்துக் கண்ணாடிமேல் வரிசையாக வைத்தார். முழுக்க எஃகில் செய்தது ஒன்று, அலுமினிய உடம்பு ஒன்று, பிளாஸ்டிக் உடம்பு ஒன்று. நாலாவதற்குக் குழலின் முன்பக்கம் ஒரு கீல். விரலால் லேசாகத் தட்டினால் குழல் கதவு மாதிரி மேலே திறந்துகொள்ளும். தோட்டாவை அதில் நேராகப் போட்டு மூடிவிடலாம். மற்ற மூன்றிலும் மேலே இருக்கும் ஸ்லைடைப் பிடித்துப் பின்னால் இழுத்து விட்டால்தான் தோட்டா உள்ளே ஏறும்.

டெல்மஸ் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார். ஆணியை நகத்தால் நெம்பினார். உள்ளே தேயும் இடத்தை நாக்கால் தொடாத குறைதான்.

"அலுமினியம் எஃகோட உரசுனா எது தோக்கும்? அலுமினியம்தான். தூக்கிப் போடு. இந்தப் பிளாஸ்டிக்கு வேர்வைக்கு அசையாது, சரி. ஸ்பிரிங் எத்தன தடவை தாங்கும்?"

"ஆயிரத்தைந்நூறு தடவை சுட்டா மாத்தச் சொல்றான். அவ எங்கடா சுடப்போறா? ஆண்டவன் புண்ணியத்துல ஒரு தடவகூட வேண்டாம்."

"சுடாமயே அமுங்கிக் கெடந்தாலும் ஸ்பிரிங்கு ஸ்பிரிங்குதான். அப்ப மாத்த நானா வருவேன்?"

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "அண்ணே, இந்தக் கீல் வச்சதைப் பாருங்களேன். அக்காவுக்குச் சுளுவா இருக்கும்."

அவர் குழலைத் திறந்து மூடி, காதருகே வைத்துக் கேட்டார். "கீல் இருக்குற சாமான் எதுவும் ஒருநாள் தளரும் வெர்னா. எங்க வீட்டுக் கதவப் பாத்திருக்கல்ல?"

"தளந்தா தளந்துட்டுப் போகுது. கைக்கு..."

"கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

பர்ல் சொன்னார்: "டேய், எதுக்குடா இவ்வளவு ஆராய்ச்சி? ஜெல்லாவக் கூட்டிட்டு வா. அவ கையில குடு. அவ கைக்கு எது ஒக்காருதோ அத வாங்கிட்டுப் போ."

"நாப்பத்தாறு வருஷமா புடிச்ச கைடா அது. எனக்குத் தெரியாதா?" என்றார் டெல்மஸ். எங்கள் ஊர் ஆம்பிளைகள் எல்லாருமே இப்படித்தான். பெண்டாட்டிக்குச் செருப்பு வாங்க வந்தாலும் அளவைத் தாங்களே சொல்வார்கள்.

எனக்கு அந்தக் கையைப் பற்றித் தெரிந்தது அவருக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை எனக்குக் கடை விடுமுறை. அன்று ஜெல்லா வீட்டுக்குப் போய்விடுவேன். ஜூலை, ஆகஸ்டு முழுக்க எங்கள் பக்கம் குளிர்காலத்துக்காக ஜாடிகளில் பீன்ஸ் அடைக்கும் காலம். நார் உரித்து, ஒடித்து, உப்புப் போட்டு, ஜாடியில் திணித்து, பெரிய குக்கரில் ஏற்றி இறக்க வேண்டும். நான்கு வருடங்களாக அந்த வேலையில் பாதி என்னுடையது. ஜெல்லாவின் இரண்டு கட்டைவிரல்களும் அடிமூட்டில் வீங்கி உள்ளே மடிந்துபோயிருந்தன. பீன்ஸை ஒடிக்க முடியாமல் உள்ளங்கையை மேசை விளிம்பில் வைத்து அழுத்துவாள். கொதிக்கும் ஜாடியை இடுக்கியால் தூக்குவது நான், மூடி திருகுவது நான், மாவு டப்பா திறப்பது நான். டெல்மஸ் முன்னறையில் பிராணவாயு மெஷின் பக்கத்தில் தூங்கும்போது இதெல்லாம் நடக்கும்.

"அவருகிட்டச் சொல்லுக்கா" என்று எத்தனையோ தடவை சொன்னேன்.

"சொன்னா என்ன ஆகும்? அடுப்புக்குக் கரி வாளிய நான் தூக்குறேன்னு எந்திரிப்பான். நாலு எட்டு வைக்குறதுக்குள்ள நீலமாப் போயிடுவான். இல்லேன்னா ரெனீகிட்டச் சொல்லுவான். அவ மறுநாளே லாரியோட வந்து நிப்பா. வாயத் தொறந்த, ஒன்னோட பேச்சே கெடையாது வெர்னா."

"கரி வாளிய நீ எப்படித்தான் தூக்குற?"

"முழங்கைல மாட்டிக்குவேன். பாதி பாதியா எடுத்துட்டு வருவேன். கடவுள் முழங்கைய எதுக்குப் படைச்சான்னு இப்பத்தான் தெரியுது."

அவர் விழித்திருக்கும்போது ஊறுகாய் ஜாடி திறக்க வேண்டி வந்தால் அதை அவர் மடியில் கொண்டுபோய் வைப்பாள். "இந்தாய்யா, பலசாலி, நீதான் தொறக்கணும்" என்பாள். அவர் ஒரு திருகில் திறந்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். ஒருநாள் அவள் அந்தப்பக்கம் போனதும் தணிந்த குரலில் சொன்னார்: "நடிக்கிறா புள்ள. சீக்காளிக்குச் சந்தோசமா இருக்கட்டும்னு முடியாத மாதிரி நடிக்கிறா. நானும் தெரியாத மாதிரி தொறந்து குடுக்குறேன்." அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அதைப் பார்த்த பிறகு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எனக்கும் பழகிவிட்டது.

ஆகஸ்டு முழுவதும் சோதனை நடந்தது. பர்ல் எஃகுத் துப்பாக்கியிலும் பிளாஸ்டிக்கிலும் தன்னுடைய பழையது ஒவ்வொன்று கொடுத்துவிட்டார். டெல்மஸ் ஒரு வாரத்துக்கு ஒன்று என்று தன் மார்புவரை வரும் வேலைக் கால்சட்டையின் பாக்கெட்டில் தோட்டா இல்லாமல் போட்டுக்கொண்டு திரிந்தார். வேர்வை, சோளரொட்டித் துணுக்கு, பஞ்சு, பேரிக்காய்ச் சாறு எல்லாம் அதன்மேல் அபிஷேகமாயின. தேவாலயத்துக்கும் அதோடுதான் போனார். சனிக்கிழமை துடைக்காமல் கொள்ளாமல் பின்மேட்டு மண்சரிவில் போய்ச் சுடுவார். ஐந்து தடவை சுட்டால் கால்மணி நேரம் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். பிறகு கடைக்கு வந்து அறிக்கை கொடுப்பார்.

"எஃகுக்கு ஒரே வாரத்துல பிடியில துரு பூத்துருச்சு. ஆனா மேல்துருதான். துணிய வச்சுத் தேச்சாப் போயிடும். உள்ள ஒண்ணும் அசையல. பிளாஸ்டிக்கு பஞ்சு மாட்டி ரெண்டு தடவை தோட்டாவத் துப்பாம நின்னுருச்சு."

"ஒன் பாக்கெட்டுல பஞ்சு இல்லடா, கோழிக்கூடே இருக்கு" என்றார் பர்ல்.

"அவ ஏப்ரன்ல மட்டும் என்ன, சந்தனமா இருக்கு?"

கடைசியில் எஃகுதான் ஜெயித்தது. அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு அதைவிடக் கெட்டியான ஒன்று வரவழைத்துப் போடச் சொன்னார். சின்னத் துப்பாக்கிக்கு ஏற்கனவே ஸ்பிரிங் முரடு. ஸ்லைடைப் பிடித்து இழுக்க இடமும் குறைவு.

"வேண்டாம்டா, இதுவே எனக்குக் கை வலிக்குது" என்று பர்ல் தலையில் அடித்துக்கொண்டார்.

"பெல்ட்டுக்கு எப்பவும் சொன்னதவிட ஒரு நம்பர் கூடத்தான் போடுவேன். இளகுன ஸ்பிரிங்கு ஏழு மாசம், கெட்டி ஸ்பிரிங்கு ஏழு வருஷம். என் பெல்ட்டு அறுந்து ஒருத்தன் செத்தான்னு கேள்விப்பட்டிருக்கியா?"

கேள்விப்பட்டதில்லை. அது உண்மை. பர்ல் ஸ்பிரிங்கை வரவழைத்து மாட்டினார். நான் துப்பாக்கியை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து அவரிடம் கொடுத்தேன். "ஜெல்லாவுக்குப் புடிக்குமா?" என்று குழந்தை மாதிரி கேட்டார். "புடிக்கும்ணே" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் என் நாக்கைக் கடித்துத் துப்பலாம்போல் இருக்கிறது.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொடுத்தார். அன்று மலை முழுவதும் இலை பழுத்துச் சிவந்திருந்தது. காற்றில் எங்கோ கரிப்புகை. ஜெல்லா அவரைப் பயறும் சோளரொட்டியும் செய்திருந்தாள். நான் வெங்காயம் நறுக்கிக் கொடுத்தேன். மூவரும் சாப்பிட்டு எழுந்ததும் டெல்மஸ் நீளமான குழாயை இழுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்து, அங்கே உட்கார்ந்திருந்த ஜெல்லாவின் மடியில் பெட்டியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தொற."

பெட்டி அட்டைதான். திறந்துவிட்டாள். துப்பாக்கியை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்திப் பார்த்தாள். "எம்மா, என்னமா கனக்குது. அழகா இருக்குய்யா."

"அழகுக்கு வாங்கல. முப்பது வருஷத்துக்கு இதத் தொடவே வேண்டாம். உள்ள ஒண்ணும் இல்ல, காலி, பயப்படாத. குழல அந்த மேட்டப் பாத்துப் பிடி. மேல் ஸ்லைடப் புடிச்சுப் பின்னால இழுத்து விடு. அது ஒண்ணுதான் நீ செய்ய வேண்டியது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

இடது கையால் ஸ்லைடைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. பிடியை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு முழு உடம்பையும் கொடுத்து இழுத்தாள். கை வழுக்கி வந்துவிட்டது.

டெல்மஸ் சிரித்தார். "அடியே, இதுல நடிப்பெல்லாம் வேண்டாம். ஜாடி மூடி இல்ல இது. நெசமாவே இழு."

"இழுக்குறேன்ய்யா."

மறுபடி இழுத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது. ஸ்லைடு ஒரு நூல்கூட நகரவில்லை. நான்காவது தடவை வலி தாங்காமல் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. துப்பாக்கி மடியில் விழுந்தது. டெல்மஸின் சிரிப்பு நின்றுவிட்டது.

"கையக் காட்டு" என்றார்.

"ஒண்ணுமில்லய்யா, எண்ணெய் வழுக்குது."

"காட்டுடி."

அவர் குனிந்து அவள் கையை எடுத்தார். கட்டைவிரலை மெதுவாகப் பிடித்து, அடிமூட்டைத் தன் விரலால் தடவினார். பேரிங்கை உருட்டிப் பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் திருப்பினார். அவள் முகம் சுளித்தது. உடனே விட்டுவிட்டார்.

"எத்தன நாளா?"

"நாலு வருஷம்."

"அப்ப அந்த ஜாடியெல்லாம்..."

"முடியாமத்தான்ய்யா குடுத்தேன்."

 மெஷின் மட்டும் உள்ளே புஸ்புஸ் என்று ஊதிக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியும்."

"தெரியும்ணே. சொல்லக் கூடாதுன்னு அக்கா..."

"முந்நூறடிக்கு அந்தாண்ட பேரிங் போனா தெரியும்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார். "பக்கத்துலயே படுத்திருக்கேன். எனக்குத் தெரியல."

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் சொன்னேன்: "அண்ணே, அந்தக் கீல் வச்ச துப்பாக்கி இன்னும் கடையில இருக்கு. நாளைக்கே மாத்திக் கொண்டாந்துர்றேன். அதுக்கு இழுக்க வேண்டாம்."

"துப்பாக்கிய மாத்தலாம்" என்றார். "கரி வாளி? அடுப்புக் கதவு? தண்ணி உறைஞ்சா குழாயத் தொறக்கறது? மாத்திர டப்பா மூடி? நீ செவ்வாக்கெழம வருவ. மத்த ஆறு நாளு?"

"பழகிட்டேன்ய்யா. முழங்கை இருக்கு. நான் எங்கயும் போகமாட்டேன். சொல்லிட்டேன்."

 டெல்மஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். குழாயை இழுத்துக்கொண்டு, வழியில் இரண்டு தடவை நின்று, உள்ளே போனார். வலைக்கதவு அவர் பின்னால் தானாக மூடிக்கொண்டது. போனில் எண் அழுத்தும் சத்தம் கேட்டது. ஜெல்லா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ரெனீ, அப்பாதான். நல்லாத்தான் இருக்கேன். ஒண்ணு கேக்கணும். ஒங்க வீட்டுல கொழாய் திருகுறதா, தூக்குறதா? ... கொழாய்ம்மா, தண்ணிக் கொழாய். சமையக்கட்டுல. ... குளிக்கிற ரூம்ல? போய்ப் பாரு. நான் லைன்ல இருக்கேன்."

அவர் காத்திருந்தார். மெஷின் ஊதியது. நாங்களும் காத்திருந்தோம்.

"சரி, அத மாத்தணும். தூக்குற மாதிரி நீட்டுப் பிடி இருக்குல்ல, அது. கதவுக்கு? உருண்டையா? அதையும் மாத்து. அடுப்பு எப்படி, அமுக்கித் திருகணுமா? ... ஒங்கம்மா அங்க வர்றதுக்குத்தான், காரணம் அப்புறம் சொல்றேன். படிக்கட்டுக் கைப்பிடிய ஆட்டிப் பாத்திருக்கியா? ரெண்டு பக்கமும் இருக்கா? இப்பப் போய் ஆட்டிப் பாத்துட்டு வா."

துப்பாக்கி ஜெல்லாவின் மடியில் கிடந்தது. நான் அதை எடுத்து எண்ணெய்த் துணியில் சுற்றினேன்.  மன்னிப்புக் கேட்கலாம் என்று பார்த்தால், யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

ஜெல்லா இரண்டு கையையும் ஏப்ரனுக்குள் ஒளிக்காமல் மடிமேல் விரித்து வைத்துக்கொண்டாள். நான்கு வருடத்தில் அவள் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. ஆனால் உதட்டோரம் லேசாகச் சிரித்தாள்.

"எங்கப்பன் என்னய இவன் கையில புடிச்சுக் குடுத்தப்ப ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு வெர்னா" என்றாள். "சுரங்கத்துல நெரந்தர வேலையான்னு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் எங்க போறேன், எப்படி இருப்பேன்னு ஒரு வார்த்த கேக்கல."

உள்ளே டெல்மஸ் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.